வீடு எங்கே தாமதமாகிறது: ஆயிரம் சதுர அடி வீட்டின் நாள் கணக்கு

ஆறு மாதத்தில் முடிய வேண்டிய வீடு பத்து மாதம் இழுத்தால் பழி முதலில் விழுவது மேஸ்திரி தலையில்தான். ஆள் வரவில்லை, வேறு சைட்டுக்குப் போய்விட்டார், சொன்ன நாளில் சொன்ன வேலை நடக்கவில்லை என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். ஆள் வராத நாள்களில் பல, ஆள் வந்திருந்தாலும் வேலை நடந்திருக்க முடியாத நாள்கள். தலைவாசல் நிலை வந்து சேர்ந்திருக்காது. பாத்ரூம் குழாய் எந்த மாடல் என்று வீட்டில் முடிவாகியிருக்காது. பாங்கு தவணை ஏறியிருக்காது. இவற்றை யாரும் வேலைப் பட்டியலில் எழுதுவதில்லை, அதனால் இவை தாமதமாவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் முறை ஒன்று ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக இருக்கிறது. கிரிட்டிகல் பாத் மெத்தட், சுருக்கமாக சி.பி.எம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் சேர்ந்து ரசாயன ஆலை வேலைகளுக்காக இதை உருவாக்கின. ஏறக்குறைய அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற இதே வகை முறையைக் கொண்டுவந்தது. அணைக்கும் ஆலைக்கும் மேம்பாலத்துக்கும் உரிய முறை, நம் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு எதற்கு என்று தோன்றலாம். தனி வீட்டுக்குத்தான் இது அதிகம் தேவை. பெரிய கட்டுமானத்தில் திட்டமிடுவதற்கென்றே ஓர் ஆள் சம்பளத்துக்கு இருப்பார். தனி வீட்டில் அந்த நாற்காலி காலி. அதில் வீட்டுக்காரரே உட்கார வேண்டும்.

முதலில் வேலைகளையும் அவற்றின் நாள்களையும் எழுதிக்கொள்வோம். தரைத்தளம் மட்டும், பில்லர் போட்ட வீடு, செங்கல் சுவர், ஒரு கொத்தனார் செட். எல்லாம் ஞாயிறும் சேர்ந்த காலண்டர் நாள்கள். காங்கிரீட்டுக்கு ஞாயிறு விடுமுறை தெரியாது என்பதால் காலண்டர் நாளில் எண்ணுவதே வசதி.

மார்க்கிங் செய்து பில்லர் குழி தோண்ட 5 நாள். அடி காங்கிரீட், ஃபூட்டிங் (பில்லரின் அடித்தளம்), பில்லரை ப்ளின்த் மட்டம், அதாவது வீட்டின் தரைமட்டம், வரை கொண்டுவர 12. ப்ளின்த் பீம் 9. உள்ளே மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, கரையான் மருந்தும் அடிக்க 7. பில்லரோடு சேர்த்துச் சுவரை லிண்டல் மட்டம், அதாவது கதவு, ஜன்னல் திறப்புகளுக்கு மேலே பீம் வரும் மட்டம், வரை ஏற்ற 16. லிண்டலும் சன்ஷேடும் 8. அதற்கு மேல் ரூஃப் வரை சுவர் 7. ரூஃப் சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக ஷீட்டும் முட்டும்), கம்பி, எலக்ட்ரிக் பைப், காங்கிரீட் எல்லாம் சேர்த்து 14. முட்டு பிரிக்கும் வரை காத்திருப்பு 14. சுவரை வெட்டி எலக்ட்ரிக், தண்ணீர் பைப் புதைக்க 8. உள்பூச்சு 14. பூச்சு நனைந்து, பிறகு உலர 28. உள்ளே பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க 16. சுவிட்ச், ஃபேன், வாஷ்பேசின், குழாய் மாட்டிச் சுத்தம் செய்ய 7. கூட்டினால் 165.

இதுதான் நீளமான சங்கிலி. இதில் எந்தக் கண்ணி ஒரு நாள் தள்ளினாலும் வீடு ஒரு நாள் தள்ளும். இதற்கு வெளியே இருப்பவை டைல்ஸ், வெளிப்பூச்சு, கதவு, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர். அவற்றுக்கெல்லாம் ஓரளவு தாராளம் உண்டு. எஞ்சினியர்கள் அதை ஃப்ளோட் என்பார்கள்.

டைல்ஸ் கணக்கைப் பாருங்கள். உள்பூச்சு 114ஆம் நாள் முடிகிறது. ஏழு நாள் நனைத்தபின், 121இல், டைல்ஸ் தொடங்கலாம். 16 நாள் வேலை, 137இல் முடியும். டைல்ஸ் வெட்டும் தூசு அடங்கிய பிறகுதான் பெயிண்ட். ஆனால் பெயிண்டர் 137இல் வந்தாலும் சுவர் தயாராக இருக்காது. புதுப்பூச்சு முழுதாக உலர 28 நாள் விட வேண்டும், அது 142. ஆக டைல்ஸ் ஐந்து நாள் தாமதமானாலும் வீட்டுக்கு நஷ்டமில்லை. ஆறாவது நாள் தாமதமானால் அன்றிலிருந்து டைல்ஸ்தான் வீட்டின் தேதியைத் தீர்மானிக்கும். முன்னாலிருந்து கூட்டிவந்து ஒரு வேலை சீக்கிரம் எப்போது முடியும் என்று பார்ப்பது, பின்னாலிருந்து கழித்துவந்து அது கடைசியாக எப்போது முடியலாம் என்று பார்ப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக்கொள்வது. மொத்தக் கணிதமும் இவ்வளவுதான். எக்ஸெலில் ஒரு மாலை போதும்.

சுவர் காயும் 28 நாளை யாரும் மதிப்பதில்லை. பூச்சு முடிந்து இரண்டே வாரத்தில் பட்டி அடிக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். உள்ளே ஈரமும் சுண்ணாம்புத் தன்மையும் அடங்கியிராது. பட்டி உப்பும், பெயிண்ட் திட்டுத் திட்டாக நிறம் மாறும், அடுத்த மழையில் உப்புப் பூக்கும். பிறகு பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. காத்திருப்பையும் ஒரு வேலையாக, தனி வரியாக, நாள் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். எழுதாத காத்திருப்பை அவசரம் விழுங்கிவிடும்.

ரூஃப் முட்டுக்கும் இது பொருந்தும். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்குச் சொல்லும் கணக்கு: 4.5 மீட்டர் வரை நீளும் ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. வீட்டில் ஸ்லாபும் பீமும் கலந்திருப்பதால் 14 என்று எடுத்தோம். கடையில் இன்று பெரும்பாலும் கிடைப்பது ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி. சிமென்ட். அது மெதுவாக வலுவேறும், அதனால் முட்டு நாளை எஞ்சினியரிடம் கேட்டு நீட்ட வேண்டும். அவர் 21 என்றால் அட்டவணையில் 7 கூடும், வீடு 172. அதை முதல் நாளே ஏற்றுக்கொள்வது நல்லது. 85ஆம் நாள் மேஸ்திரி, “ஷீட்டு வாடகை ஏறுதுங்க, பிரிச்சிடலாமா?” என்று கேட்கும்போது பதில் காகிதத்தில் இருக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் நாள் போடுவது எப்படி? மேஸ்திரியிடம் எத்தனை நாள் என்று கேட்டால் ஒரு எண் வரும். அது எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் எண். பெர்ட் முறையில் மூன்று எண் கேட்பார்கள். சுவர் வேலைக்கு எல்லாம் கைகூடினால் 12, வழக்கமாக 15, செங்கல் லோடு தவறி மழையும் பெய்தால் 24. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 12, 60, 24 சேர்ந்து 96, வகுத்தால் 16. மேலே 16 வந்தது இப்படித்தான். இந்தச் சூத்திரத்தைவிட அந்த மூன்றாவது கேள்வி பெரிது. “ரொம்ப இழுத்தா எத்தனை நாளுங்க மேஸ்திரி? எதனால இழுக்கும்?” என்று கேட்கும்போதுதான் ஊர்த் திருவிழாவும் செங்கல் சூளை நிலவரமும் கம்பி கட்டுபவர் வீட்டுக் கல்யாணமும் வெளியே வரும்.

பட்டியலில் 35, 40 வரிக்கு மேல் வேண்டாம். “கிச்சன் வடக்குச் சுவர் மூன்றாவது வரிசை” என்ற அளவுக்கு நுணுக்கமாகப் போட்ட திட்டத்தை இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் திருத்த மாட்டார்கள். திருத்தாத திட்டம் வெறும் காகிதம்.

இனி விஷயத்தின் மையம்: முடிவுகள். வீட்டுக்காரர் எடுக்க வேண்டிய ஒவ்வொரு முடிவும் ஒரு வேலை. அதற்கும் கடைசி நாள் உண்டு. அதைப் பின்னாலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தலைவாசல் நிலையை எடுத்துக்கொள்வோம். சுவர் 33ஆம் நாள் தொடங்குகிறது, நிலை அன்று சைட்டில் இருக்க வேண்டும். மரம் பார்த்து வாங்கி, அறுத்து, இழைத்து, சட்டம் கூட்ட ஆசாரி 25 நாள் கேட்கிறார் என்று வையுங்கள். அப்படியானால் அட்வான்ஸ் கொடுக்கக் கடைசி நாள் எட்டாம் நாள். அதாவது குழி தோண்டி முடித்து மூன்றாம் நாள். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் நிலையைப் பற்றி நினைவே இருக்காது, பார்வையெல்லாம் மண்ணில் இருக்கும். ப்ளின்த் பீம் போட்டபிறகு மரக்கடைக்குப் போவார்கள். அவசரத்தில் ஈரம் காயாத மரம் வாங்கினால் ஒரு கோடையில் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு சேராது. நிலை வைக்க முகூர்த்தமும் வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டி, 33ஐ ஒட்டிய நல்ல நாளை முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நாள் 38இல்தான் என்றால் ஐந்து நாளும் போக வேண்டியதில்லை. பின்பக்க அறைகளிலிருந்து சுவரைத் தொடங்கி, முன்சுவரை மட்டும் நிலைக்காக நிறுத்தலாம். எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று துல்லியமாக எழுதினால்தான் இப்படிப் பிரிக்க முடியும் என்பது தெரியும்.

ஃபேன் மாட்டும் இடம், சீலிங் லைட், ஏசி எந்தச் சுவரில், இன்வெர்ட்டர் எங்கே. இவற்றுக்கு ரூஃப் காங்கிரீட் கடைசி எல்லை. கம்பி கட்டும்போதே பைப்பும் ஃபேன் பாக்ஸும் உள்ளே போக வேண்டும், ஆகவே 74க்குள் முடிவு. தவறினால் பிறகு சுவரோரம் வெளியே கேசிங் ஓடும், அல்லது ஸ்லாபைக் கொத்துவார்கள். ஸ்லாபைக் கொத்த அனுமதிக்கவே கூடாது.

எல்லாரையும் பிடித்துக்கொள்வது பாத்ரூம்தான். ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரை மாற்றிவிடும் டைவர்ட்டரின் உடல் பகுதி சுவருக்குள் புதைவது. வெளியே தெரியும் கைப்பிடி கடைசியில் வருவதால் மாடல் தேர்வும் கடைசியில் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் 92ஆம் நாள் ப்ளம்பர் சுவரை வெட்டும்போது அந்தப் பொருள் அவர் கையில் இருக்க வேண்டும். கடையில் வாங்கிச் சேர்க்க ஐந்து நாள் என்றால் 87க்குள் தேர்வு. டாய்லெட் சுவரில் தொங்குவதா தரையில் நிற்பதா என்பதும் அன்றே தெரிய வேண்டும். அதைப் பொறுத்துத்தான் கழிவுக்குழாய் வாய் சுவரில் வருமா தரையில் வருமா, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பது முடிவாகும். கிச்சனில் சிங்க், சிம்னி, வாட்டர் ப்யூரிஃபையர், ஃப்ரிட்ஜ் நிற்கும் இடங்களுக்கும் 87தான். இந்த ஒரு தேதியைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டலாம். தனி வீடுகளில் உடைத்துத் திரும்பச் செய்யும் வேலையில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

யு.பி.வி.சி. ஜன்னல் இன்னொரு பொறி. திறப்பின் பக்கவாட்டுப் பூச்சு முடிந்தபிறகே கம்பெனிக்காரர் அளவெடுப்பார். உள்பூச்சு மொத்தமும் முடிந்து 114இல் அளவெடுத்து, 25 நாளில் செய்துவந்து, மூன்று நாளில் பொருத்தினால் 142. பெயிண்ட் தொடங்கும் அதே நாள், ஒரு நாள் கூட மிச்சமில்லை. கொத்தனாரிடம் பூச்சைத் தொடங்கும்போதே ஜன்னல் திறப்புகளை முதல் நான்கு நாளில் முடித்துக்கொடுக்கச் சொன்னால் 104இல் அளவெடுக்கலாம். பத்து நாள் தாராளம் கிடைக்கும், கூலியில் ஒரு ரூபாய் கூடாது. டைல்ஸுக்கு 15 நாள் வரத்து என்றால் 106க்குள் ஆர்டர். மொத்தத்தையும் ஒரே லாட்டில் வாங்குங்கள், ஐந்து முதல் பத்து சதவீதம் சேதத்துக்குக் கூட்டி. பிறகு நாலு பெட்டி குறைந்து அதே ஷேடு தேடி அலைவதும் தாமதக் கணக்கில்தான் சேரும்.

பாங்கு கடன் வாங்கிக் கட்டுபவர்கள் பணத்தையும் ஒரு வேலையாக எழுத வேண்டும். லிண்டல் முடிந்தபின் அடுத்த தவணை என்றால் 57இல் கேட்கலாம். பாங்கு எஞ்சினியர் வந்து பார்த்து, பணம் ஏற 10 நாள் என்றால் 67. ஆனால் ரூஃப் கம்பியும் சிமென்டும் 64இலேயே வாங்கத் தொடங்க வேண்டும். அந்த மூன்று நாளுக்கான பணம் கையில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கம்பி கட்டுபவர்கள் வேறு சைட்டுக்குப் போவார்கள். அவர்கள் மூன்று நாளில் திரும்ப மாட்டார்கள், அங்கே ரூஃப் முடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அட்டவணையில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று இருக்கும், செய்யும் கைகள் ஒன்றாக இருக்கும். வெளிப்பூச்சும் உள்பூச்சும் இதற்குச் சரியான உதாரணம். கணக்குப்படி வெளிப்பூச்சு 92இல் தொடங்கி 104இல் முடியலாம். பின்னாலிருந்து பார்த்தால் வெளி பெயிண்டுக்கு 10, உலர 28 கழித்து, 127க்குள் முடிந்தால் போதும். 23 நாள் தாராளம் தாராளமாகத்தான் தெரியும். கொத்தனார் செட் ஒன்றுதானே? வெளிப்பூச்சை முதலில் முழுதாக முடித்தால் உள்பூச்சு 104இல்தான் தொடங்கும், வீடு நான்கு நாள் தள்ளும். உள்பூச்சை முதலில் வைத்தால் வெளிப்பூச்சு 114 முதல் 126 வரை, தாராளம் ஒரு நாளாகச் சுருங்கும். அதைவிட மோசம், பைப் வேலை நடக்கும் 92 முதல் 100 வரை கொத்தனார்களுக்கு வேலையே இருக்காது.

மூன்றாவது வழியே நல்லது. எலக்ட்ரீஷியனும் ப்ளம்பரும் உள்ளே வெட்டும் எட்டு நாளில் கொத்தனார்கள் வெளியே பூசட்டும். 100இல் வெளிவேலையை நிறுத்தி உள்ளே வரட்டும். 114இல் மறுபடி வெளியே போய் மிச்ச நான்கு நாளை முடித்தால் 118. உள்பூச்சு ஒரு நாளும் தள்ளவில்லை, வெளிப்பூச்சுக்கு ஒன்பது நாள் மிச்சம். நடுவே 14 நாள் சாரம் சும்மா நிற்கும், அந்த வாடகையைக் கொடுத்துவிடலாம். கொத்தனாரைச் சும்மா நிறுத்துவதைவிட சாரத்தைச் சும்மா நிறுத்துவது மலிவு. வெளிப்பூச்சை முழுச் சுவராக முடித்து நிறுத்த வேண்டும், பாதிச் சுவரில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடம் கோடாகத் தெரியும்.

ரூஃப் காங்கிரீட் நாளுக்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் நிறுத்தவோ திரும்பச் செய்யவோ முடியாத ஒரே நாள் அது. ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குல ஸ்லாப் என்றால் சுமார் 417 கன அடி, ஏறக்குறைய 11.8 கன மீட்டர். பீம்களும் சேர்ந்தால் 14, 15 கன மீட்டர் ஆகும். 1:1.5:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 112 முதல் 120 மூட்டை சிமென்ட். முந்தைய நாள் மாலையே சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லி, தொட்டி நிறையத் தண்ணீர் எல்லாம் சைட்டில் இருக்க வேண்டும். எஞ்சினியர் கம்பி பார்த்துக் கையெழுத்துப் போடுவது இந்த வரியின் முன்நிபந்தனை. கம்பியை அடிஷீட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் ஸ்லாபுக்கு 20 மி.மீ. உள்ளதா, பீம் கம்பி படத்தின்படியா, ஃபேன் பாக்ஸ் நிலையாகக் கட்டியிருக்கிறதா, பைப் வாயெல்லாம் அடைத்திருக்கிறதா. இதைக் காங்கிரீட் போடும் காலையில் வைத்தால் தப்பு கண்டாலும் யாரும் திருத்த மாட்டார்கள். வாசலில் மிக்ஸரும் இருபது பேரும் நிற்கும்போது எந்த எஞ்சினியராலும் “நிறுத்துங்க” என்று எளிதில் சொல்ல முடியாது. இரண்டு நாள் முன்னால் வையுங்கள். வைப்ரேட்டர் இரண்டு கேளுங்கள், ஒன்று நின்றால் மற்றொன்று. ரெடிமிக்ஸ் என்றால் ஆறு கன மீட்டர் வண்டி மூன்று வர வேண்டியிருக்கும். தெரு அகலமும் மின்கம்பியின் உயரமும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியவை.

இதையெல்லாம் நாட்காட்டியில் பொருத்தும்போதுதான் ஊரும் வானமும் திட்டத்துக்குள் வருகின்றன. சாதாரண ஆண்டில் ஜனவரி 20, தை பிறந்து பொங்கல் விடுமுறை முடிந்தபின், தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ரூஃப் காங்கிரீட் ஏப்ரல் 8. உள்பூச்சு ஏப்ரல் 30 முதல் மே 14 வரை, கத்திரி வெயில் தொடங்கும் நேரம். கட்டுமானத்துக்கு நல்ல வெயில்தான், நனைப்புக்குக் கெட்ட வெயில். ஐ.எஸ். 456 கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைப்புச் சொல்கிறது, வறண்ட வெப்பத்தில் 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது. ரூஃப்புக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள், அது சரி. பில்லருக்குச் சாக்கு சுற்றி நனைப்பதைத்தான் மறப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியால்தான் போர்வெல், தற்காலிக மின் இணைப்பு, சம்ப் மூன்றும் முதல் வரிகளாக இருக்க வேண்டும். சம்பை அஸ்திவாரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அதுவே கட்டுமானத் தண்ணீர்த் தொட்டி.

165ஆம் நாள் ஜூலை 4. ஆனி, ஆடியில் பல குடும்பங்கள் புதுமனை புகுவதில்லை, ஆகவே ஆகஸ்ட் நடுவில் பிறக்கும் ஆவணிதான் குறி. இடையில் ஆறு வாரம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள், மூன்று நாள் என்று பங்குபோட்டுக் கொடுத்தால் எல்லா வேலையும் அந்தக் கூடுதல் நாளையும் தின்றுவிட்டுத்தான் முடியும். நாள் இருக்கிறது என்று தெரிந்தால் தொடக்கம் தள்ளிப்போகும். அதைப் பிரிக்காமல் கடைசியில் ஒரே கையிருப்பாக வையுங்கள். 165இல் கால் பங்கு, 41 நாள். மேஸ்திரிக்குச் சொல்லும் வேலைத் தேதிகள் கையிருப்பு இல்லாதவை, பத்திரிகையில் அச்சடிக்கும் தேதி கையிருப்புக்குப் பிறகு, ஆகஸ்ட் 14ஐத் தாண்டி.

கையிருப்பு எவ்வளவு கரைந்தது என்பதே திட்டத்தின் உடல்நிலை. ரூஃப் மட்டச் சுவர் 64இல் முடிய வேண்டும். 74இல் முடிந்தால் பத்து நாள் போயிற்று, 41இல் 24 சதவீதம். சங்கிலியில் 165க்கு 64, அதாவது 39 சதவீதம் முடிந்திருக்கிறது. பயமில்லை. அதே சுவர் 89இல் முடிந்தால் கையிருப்பில் 61 சதவீதம் காலி, வேலை 39தான். அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி மாதத்தில் பேசினால் பேச ஒன்றும் இருக்காது.

வாரம் ஒருமுறை பேச சனிக்கிழமை மாலை பொருத்தமானது. கூலி கொடுக்கும் நேரம், எல்லாரும் இருப்பார்கள். “எத்தனை பர்சென்ட் முடிஞ்சிருக்கு?” என்று கேட்காதீர்கள். எந்த வேலையும் மூன்று வாரம் தொடர்ந்து 90 சதவீதத்தில் நிற்கக் கூடியது. “இன்னும் எத்தனை நாள் வேணும் மேஸ்திரி?” என்று கேளுங்கள், அந்த எண்ணை மட்டும் அட்டவணையில் மாற்றுங்கள். அடுத்து, வரும் மூன்று வாரத்தில் தொடங்க வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் பொருள், ஆள், பணம், முடிவு நான்கும் தயாரா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அதற்குப் பொறுப்பானவர் பெயரை எழுதுங்கள். பெரும்பாலும் அந்தப் பெயர் வீட்டில் இருக்கும் யாரோ ஒருவருடையதாக இருக்கும்.

முடிந்தது என்றால் என்ன என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள், கான்ட்ராக்டருக்கான தவணையை அதோடு கட்டுங்கள். பைப் வேலை முடிவது குழாயில் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டு, இறங்கவில்லை என்று பார்த்தபின். பாத்ரூம் வாட்டர்ப்ரூஃப் முடிவது 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திக் கசிவில்லை என்று பார்த்தபின். பூச்சு முடிவது ரசமட்டக் கட்டையால் மூலைகளைச் சரிபார்த்தபின். இல்லாவிட்டால் பணம் போய்விடும், மிச்சவேலை நிற்கும்.

தாமதத்தை மீட்க ஆள் கூட்டுவது இயல்பான யோசனை. எங்கே கூட்டுகிறோம் என்பதே விஷயம். சங்கிலியில் இல்லாத வேலையில் இரட்டை ஆள் போட்டால் செலவு மட்டும் கூடும். நனைப்பையும் உலர்தலையும் எந்தக் கூலியாலும் சுருக்க முடியாது. 165இல் முட்டுக் காத்திருப்பும் பூச்சு உலர்தலும் மட்டுமே 42 நாள். செங்கல் சுவரை ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற பொது விதியும் உண்டு, ஈரக் கலவை மேல்பாரத்தில் நசுங்கும். ஆள் கூட்டிப் பலன் கிடைப்பது முக்கியமாக நான்கு இடத்தில்: லிண்டல் வரைச் சுவர், ரூஃப் சென்ட்ரிங், உள்பூச்சு, பெயிண்ட். இன்னொரு ஜோடி கொத்தனார் வந்தால் உள்பூச்சை 14இலிருந்து 10 ஆக்கலாம். ஆனால் அதன் பின்னால் வரும் ஜன்னல் அளவும் டைல்ஸ் வரத்தும் நான்கு நாள் முன்னே நகர வேண்டும், இல்லாவிட்டால் மீட்ட நாள்கள் அங்கே போய்க் காத்திருக்கும்.

இடையில் வரும் மாற்றங்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள். என்ன மாற்றம், எவ்வளவு செலவு, சங்கிலியில் எத்தனை நாள். மூன்று பத்தியும் நிரம்பிய பிறகே மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும், ஒருவர் வழியாக மட்டும். “ஜன்னலை ரெண்டடி தள்ளிக்கலாம்னு அம்மா சொன்னாங்க, காலைல ஐயா வேண்டாம்னாரு” என்று மேஸ்திரி இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கும் சைட்டில் எந்த முறையும் வேலை செய்யாது.

ஜூலை கடைசியில் கையிருப்பு முழுதும் தீர்ந்து, ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது என்றால் பூச்சு உலரும் நாளிலோ வாட்டர்ப்ரூஃப் சோதனையிலோ கை வைக்காதீர்கள். பட்டியலை எடுத்து, பால் காய்ச்ச எது தேவை என்று மட்டும் பிரியுங்கள். தலைவாசல் கதவு, பூஜையறை, சமையல் மேடை, ஒரு பாத்ரூம், தண்ணீர், நிலையான மின் இணைப்பு. அலமாரி மரவேலை, இரண்டாவது பாத்ரூம் ஃபிட்டிங், காம்பவுண்டு சுவர், படுக்கையறைகளின் கடைசி கோட் பெயிண்ட் இவையெல்லாம் பிறகு நடக்கலாம். வெளி பெயிண்டை மட்டும் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். கோவையின் மேற்குப் பகுதியிலும் கன்னியாகுமரியிலும் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே வந்துவிடுவதால், அங்கே இந்த அட்டவணையின் வெளிவேலைகள் அனைத்தையும் முதல் நாளிலேயே வேறு வரிசையில் அடுக்க வேண்டியிருக்கும்.